மஞ்சள் பெர்ச் மீன்பிடிப்பு

மஞ்சள் பெர்ச் மீன்பிடிப்பு என்பது, வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் மஞ்சள் பெர்ச் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறைகளைக் குறிக்கும். பெர்கா ஃபிளேவெசென்ஸ் என்னும் அறிவியற் பெயர் கொண்ட இம்மீனை 1814 ஆம் ஆண்டில் சாமுவேல் லேதம் மிச்சில் என்னும் அமெரிக்க இயற்கையியலாளர் முதன்முதலாக விவரித்தார். அமெரிக்கப் பேரேரிகள், மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதி, அட்லாண்டிக் கரையோர ஆறுகள், கனடாவின் உட்பகுதி ஏரிகள் ஆகியவை இதன் இயற்கை வாழிடங்கள். மேற்கு மாநிலங்கள் பலவற்றில் இது மனிதரால் கொண்டுசென்று விடப்பட்டது. ஐரோப்பாவில் காணப்படும் பெர்ச் மீன் இதன் நெருங்கிய உறவினம் ஆகும்.

எளிதில் அகப்படும் மீன் என்று மஞ்சள் பெர்ச் பெயர் பெற்றுள்ளது. வட அமெரிக்கச் சிறுவர் பலர் முதன்முதலில் பிடிக்கும் மீன் இதுவே. ஒரு கோலும், சிறிய முள்ளும், ஒரு துண்டு மண்புழுவும் இருந்தால் போதும். எனினும் இப்பெயர் பாதி உண்மையே ஆகும். மீன்கூட்டம் நிற்கும் இடத்தைக் கண்டறிந்தவருக்கு அரைமணி நேரத்தில் கூடை நிரம்பலாம். அங்கிருந்து இருபது மீட்டர் தள்ளி அமர்ந்தவர் அதே இரையுடன் வெறுங்கையோடு திரும்பலாம். ஆகவே இம்மீனைப் பிடிக்கும் கலையில் பெரும்பகுதி அதனைத் தேடுவதிலும், சிறுபகுதி மட்டுமே இரையிலும் கருவியிலும் அடங்கியுள்ளது.

மீனின் இயல்புகள்

பொன்மஞ்சள் நிறப் பக்கங்களும், முதுகிலிருந்து வயிறு நோக்கி இறங்கும் 6 முதல் 9 வரையான கருமையான பட்டைகளும் இம்மீனின் அடையாளங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்களின் கீழ்த் துடுப்புகள் செம்மஞ்சள் நிறம் பெறுகின்றன. பொதுவாகப் பிடிபடுபவை 15 முதல் 25 செமீ நீளம் கொண்டவை. 30 செமீ அளவை எட்டும் மீனை மீன்பிடிப்போர் "ஜம்போ" என்று அழைக்கின்றனர். தூண்டிலில் பிடிபட்டவற்றுள் மிகப் பெரியதாகப் பதிவாகியுள்ளது 1865 ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூ செர்சி மாநிலத்தின் போர்டன்டவுன் என்னும் இடத்தில் சி. சி. அபொட் என்பவர் பிடித்த, ஏறத்தாழ 1.9 கிலோகிராம் எடையுள்ள மீன் ஆகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இப்பதிவு முறியடிக்கப்படவில்லை.

மீன்பிடிப்பவர் அறிந்திருக்க வேண்டிய இயல்புகள் சில உள்ளன. முதலாவது, இது பகலில் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன். இருளத் தொடங்கியதும் கூட்டம் கலைந்து, மீன்கள் ஏரியின் அடியில் அசைவின்றித் தங்கிவிடுகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த வால்ஐ என்னும் மீனுக்குக் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. அதனால் அது மங்கிய ஒளியில் வேட்டையாடுகின்றது. பெர்ச்சுக்கு அத்தகைய படலம் இல்லை. எனவே மாலையில் பெர்ச் கடிப்பது நின்றுபோகும் அதே வேளையில் வால்ஐ கடிக்கத் தொடங்குவது வழக்கம். காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் பெர்ச் மிகுதியாக உண்கின்றது. இரவு மீன்பிடிப்பால் பெரும் பயன் இல்லை.

இரண்டாவது, இது ஒத்த அளவுள்ள மீன்களோடு கூட்டமாகத் திரியும் இயல்புடையது. ஓரிடத்தில் தொடர்ந்து விரலளவு மீன்களே அகப்பட்டால், அங்கே பெரிய மீனுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். இடத்தை மாற்றுவதே தக்க வழியாகும்.

மூன்றாவது, வளர்ந்த பெர்ச் பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டியே இரை தேடுகின்றது. மிதவை நுண்ணுயிர்களை உண்டு வாழும் குஞ்சு வளர வளர, சேற்றில் வாழும் பூச்சிக் குடம்பிகள், நன்னீர்ச் சிங்கி இறால், சிறு மீன்கள் ஆகியவற்றுக்கு மாறுகின்றது. தன் இனத்தின் குஞ்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை.

நான்காவது இயல்பு பலரும் அறியாதது. பெண் மீன்கள் ஆண் மீன்களைவிட விரைவாகவும் பெரிதாகவும் வளர்கின்றன. ஆதலால் பெரிய மீன்களை மட்டும் தேர்ந்து எடுத்துச் செல்பவர், தாம் அறியாமலேயே பெரும்பாலும் பெண் மீன்களையே எடுத்துச் செல்கின்றார்.

கருவிகள்

இம்மீனுக்குப் பாரமான கருவிகள் தேவையில்லை. 1.7 முதல் 2 மீட்டர் வரை நீளமுள்ள, நுனி எளிதில் வளையும் மெல்லிய தூண்டிற்கோலும், சிறிய ரீலும், 1 முதல் 3 கிலோகிராம் வரை எடை தாங்கும் தங்கூசி நூலும் போதுமானவை. நூல் தடிக்குந்தோறும் இரையின் அசைவு இயல்பு குன்றுவதோடு, மீன் தொடுவதும் கையில் தெரியாமற் போகின்றது. 6 அல்லது 8 ஆம் எண் முட்கள் பொதுவாகப் பயன்படுகின்றன. முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறியதாகும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். பெர்ச் இரையை ஆழமாக விழுங்கிவிடும் பழக்கம் உள்ளதால், தண்டு நீண்ட முள் விரும்பப்படுகின்றது. அதனை வெளியே எடுப்பது எளிது.

இரையை அடித்தளத்துக்கு இறக்கச் சிறிய எடைக்குண்டுகள் நூலில் நெரிக்கப்படுகின்றன. முன்னர் இவை ஈயத்தால் செய்யப்பட்டன. நீரில் விழுந்த ஈயக் குண்டுகளைக் கூழாங்கற்கள் என்று விழுங்கி லூன் என்னும் நீர்ப்பறவைகள் நஞ்சூட்டப்பட்டு இறப்பது அறியப்பட்ட பின், கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997 முதல் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டுகள் தடைசெய்யப்பட்டன. நியூ இங்கிலாந்துப் பகுதி மாநிலங்கள் பலவும் இத்தகைய தடைகளை விதித்துள்ளன. வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகியவற்றால் ஆன குண்டுகள் மாற்றாகக் கிடைக்கின்றன. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி கூடியது என்பதால், சிறிய குண்டே விரைவாக அடியை எட்டிவிடும். இது மீன்பிடிப்பவருக்கும் நன்மையே.

கரையிலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ பிடிப்போர் தக்கையைப் பயன்படுத்துகின்றனர். நூலில் வழுக்கிச் செல்லும் தக்கை ஆழமான நீருக்கு ஏற்றது. நூலில் ஒரு சிறு முடிச்சை இட்டு, வேண்டிய ஆழத்தில் தக்கை நிற்குமாறு செய்யலாம். பெர்ச்சின் கடி மென்மையானது. தக்கை முழுவதும் மூழ்கும் வரை காத்திருப்பவர் இரையை இழப்பார், அல்லது முள்ளை விழுங்கிய மீனைப் பெறுவார். தக்கை சற்றே சாய்ந்தாலும், ஓரடி நகர்ந்தாலும், கோலை மெதுவாக உயர்த்துதல் வேண்டும்.

ஈரி ஏரியில் படகிலிருந்து பிடிப்போர் நடுவே கம்பிக் கைகள் விரிந்த ஓர் அமைப்பைப் பயன்படுத்துகின்றனர். அதன் இரு கைகளிலும் ஒவ்வொரு முள் தொங்கும். அடியில் எடைக்குண்டு இருக்கும். குண்டு தரையைத் தொட்டதும் நூலை இறுக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். மீன்கூட்டம் கீழே இருப்பின் இரண்டு முட்களிலும் ஒரே வேளையில் மீன் ஏறுவது அரிதன்று. முதல் மீன் கடித்தவுடன் அவசரப்படாமல் சில நொடிகள் பொறுப்பவர்களுக்கே இந்த இரட்டை வாய்க்கின்றது.

இயற்கை இரைகள்

மண்புழுவே எங்கும் கிடைக்கும் இரை. முழுப் புழுவையும் கோர்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பெர்ச் தொங்கும் முனையைக் கடித்து இழுத்துக்கொண்டு முள்ளைத் தொடாமலே போய்விடும். 2 அல்லது 3 செமீ நீளமுள்ள துண்டு, முள்ளை மறைக்கும் அளவுக்குக் கோர்க்கப்பட்டால் போதுமானது. கடைகளில் விற்கப்படும் பெரிய இரவுப் புழுக்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கடைசிப் பனியூழிக்குப் பின் வடபகுதிக் காடுகளில் மண்புழுக்களே இருக்கவில்லை. மீன்பிடிப்போர் கரையில் கொட்டிச் செல்லும் எஞ்சிய புழுக்கள் அக்காடுகளின் இலைமக்குப் படையை அழித்து, அதில் முளைக்கும் சிறு செடிகளை இல்லாமற் செய்கின்றன. எனவே மிஞ்சிய புழுக்களைக் குப்பைத் தொட்டியில் இடுமாறு அறிவுறுத்தப்படுகின்றது.

சிறு மீன்கள் அடுத்த முதன்மை இரை ஆகும். 3 முதல் 5 செமீ வரையானவை உகந்தவை. உதடுகளின் ஊடாகவோ, முதுகுத் துடுப்புக்குக் கீழாகவோ முள் ஏற்றப்படுகின்றது. ஈரி ஏரியில் மரகத ஷைனர் என்னும் வெள்ளி நிறச் சிறுமீனுக்கு ஈடான இரை வேறில்லை என்பது அங்குள்ளோரின் உறுதியான கருத்து. அது கிடைக்காத ஆண்டுகளில் பொன்னிற ஷைனரும், உப்பிட்டுப் பதப்படுத்திய மீன்களும் பயன்படுகின்றன. பெர்ச் மும்முரமாக உண்ணும் வேளையில் உயிருள்ள மீனுக்கும் இறந்த மீனுக்கும் வேறுபாடு காணுவதில்லை.

பூச்சிக் குடம்பிகள் குளிர்காலத்துக்குரிய இரைகள். மெழுகு அந்துப்பூச்சியின் வெண்ணிறக் குடம்பியும், ஈயின் குடம்பியும் மரத்தூள் நிரப்பிய சிறு பெட்டிகளில் விற்கப்படுகின்றன. மிச்சிகன் மாநிலத்தில் "விக்லர்" என அழைக்கப்படும் ஹெக்சசீனியா மேஃபிளையின் இளநிலை பெரிதும் போற்றப்படுகின்றது. சேற்றில் வளை தோண்டி வாழும் இப்பூச்சி பெர்ச்சின் இயல்பான உணவாகும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் 1953 ஆம் ஆண்டில் நீரில் உயிர்வளி குறைந்தமையால் இவை ஏறக்குறைய அழிந்துபோய், நீர் தூய்மையடைந்த பின் 1990களில் மீண்டும் தோன்றின. காசு செலவில்லாத குளிர்கால இரை ஒன்றும் உண்டு. கோல்டன்றாட் என்னும் மஞ்சட் பூச்செடியின் காய்ந்த தண்டில் உருண்டையான புடைப்பு காணப்படும். அதனை வெட்டினால் உள்ளே ஓர் ஈயின் குடம்பி இருக்கும். தன் உடலில் கிளிசரோல் சேர்த்துக்கொண்டு கடுங்குளிரைத் தாங்கும் இக்குடம்பி, சிறிய முள்ளுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் அமைந்துள்ளது.

சிறிய அட்டைகள் கோடைகாலத்தில் நன்கு பயன்படுகின்றன. முள்ளில் நெடுநேரம் தாங்குவது அட்டையின் சிறப்பு. புழுவைப்போல் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. மிச்சிகன் ஏரியின் தென்கரையில், தோடு கழற்றிய மென்மையான நிலையிலுள்ள நன்னீர்ச் சிங்கி இறாலின் சிறு துண்டு பெரிதும் விரும்பப்படும் இரை ஆகும். விலை கூடியதாயினும், சிக்காகோவின் துறைகளில் இதற்கெனத் தனி மதிப்பு உண்டு.

பெர்ச் மீனின் கண்ணையே இரையாகக் கோர்ப்பது பனிக்கட்டி மீன்பிடிப்பில் பழைய வழக்கம். அது முள்ளில் உறுதியாக நிற்பதோடு மீனையும் ஈர்க்கின்றது. ஆயினும் விளையாட்டு மீனின் பகுதிகளை இரையாகப் பயன்படுத்துவது சில இடங்களில் அனுமதிக்கப்பட்டும் சில இடங்களில் தடைசெய்யப்பட்டும் உள்ளது.

இரை மீன்களைக் கொண்டுசெல்லுதல்

உயிருள்ள இரை மீன்களை ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கொண்டுசெல்வது, 2005-2006 ஆம் ஆண்டுகளில் பேரேரிகளில் கண்டறியப்பட்ட ஒரு வைரசு நோய்க்குப் பின் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. உடலுள் குருதிக்கசிவை உண்டாக்கும் இந்நோயால் 2006 இல் ஈரி ஏரியில் இறந்த மீன்களுள் மஞ்சள் பெர்ச்சும் இருந்தது. இந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. ஒன்ராறியோ மாகாணம் 2022 சனவரி முதல் நான்கு இரை மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வலயத்தில் வாங்கிய இரை மீனையோ அட்டையையோ வலயத்துக்கு வெளியே எடுத்துச் செல்லுதல் கூடாது. கடையில் வாங்கியதற்கான பற்றுச்சீட்டையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். இரை வாளியின் நீரை ஏரியில் ஊற்றுவதும் தடைசெய்யப்பட்டதாகும். ரொறன்ரோவில் இரை வாங்கிக்கொண்டு வடக்கே செல்லும் வார இறுதி மீன்பிடிப்போர் இவ்விதியை அறிந்திராமல் தண்டம் கட்ட நேரலாம்.

செயற்கை இரைகள்

எடையுள்ள தலையோடு வார்க்கப்பட்ட முள்ளாகிய ஜிக் இவற்றுள் முதன்மையானது. திறந்த நீரில் 1 முதல் 4 கிராம் வரையான ஜிக்குகள், சுருள்வால் கொண்ட மென்பிளாத்திக்குப் புழு மாட்டப்பட்டு எறியப்படுகின்றன. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை ஆகிய நிறங்கள் வழக்கமானவை. நிறத்தைப்பற்றி மீன்பிடிப்போரிடையே முடிவில்லாத விவாதம் உண்டு. எனினும் நிறத்தைவிட இரையின் அளவும், அது அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் அசைகின்றது என்பதுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தைத் தாண்டாமல் ஜிக்கைத் துள்ளவிட்டு, பின் அசையாமல் நிறுத்துதல் வேண்டும். மீன் கடிப்பது பெரும்பாலும் அசைவின்போது அன்று. நிறுத்திய நொடியிலேயே ஆகும்.

சுழலும் தகடு பொருத்திய சிறிய இரைகள், நீர்ச்செடிகளின் ஓரமாக மீன்கூட்டத்தைத் தேடிச் செல்லும்போது பயன்படும். பளபளக்கும் சிறு உலோகக் கரண்டிகள் செங்குத்தாக இறக்கிப் பிடிக்க ஏற்றவை. கரண்டியின் முள்ளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் சிறு சங்கிலியும் ஒற்றை முள்ளும் பொருத்தி, அம்முள்ளில் ஒரு குடம்பியைக் கோர்ப்பது சிறந்த உத்தி. கரண்டியின் ஒளி தொலைவிலுள்ள மீனை அழைக்கின்றது. குடம்பி அதனைக் கடிக்கச் செய்கின்றது.

பருவங்களும் இடங்களும்

பனிக்கட்டி உருகியதும், நீரின் வெப்பநிலை 7 முதல் 12 பாகை செல்சியஸ் வரை உயரும்போது பெர்ச் இனப்பெருக்கத்துக்காகக் கரையோர ஆழமற்ற பகுதிகளுக்கு வருகின்றது. பெண் மீன் முட்டைகளைத் தனித்தனியே சிந்துவதில்லை. மடிப்பு மடிப்பான, கூழ்போன்ற நீண்ட நாடாவாக இடுகின்றது. பல ஆயிரம் முட்டைகள் அடங்கிய இந்நாடா நீர்ச்செடிகளிலும் மூழ்கிய மரக்கிளைகளிலும் சுற்றிக்கொள்கின்றது. பெற்றோர் அதனைக் காப்பதில்லை. ஆண்டில் கரையிலிருந்தே பெரிய மீன்களைப் பிடிக்கக்கூடிய காலம் இதுவே. ஓடைகள் ஏரியில் கலக்கும் இடங்கள், படகுத் துறைகள், கால்வாய்கள் ஆகியவற்றில் தக்கையும் சிறு மீனும் போதும். முட்டை சுமக்கும் பெண் மீன்கள் எளிதில் அகப்படும் காலமும் இதுவே என்பதால், சில நீர்நிலைகளில் இப்பருவத்தில் மீன்பிடிப்பு மூடப்படுகின்றது. விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த மிச்சிகன் ஏரிப் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு.

கோடையில் சிறிய மீன்கள் நீர்ச்செடிகளிடையே தங்க, பெரியவை ஆழத்துக்குச் செல்கின்றன. செடிகள் முடிந்து வெறுந்தரை தொடங்கும் விளிம்பு, மணலும் சேறும் சந்திக்கும் இடம், நீரடி மேடுகள் ஆகியவை தேட வேண்டிய இடங்கள். சோனார் கருவி உள்ளவர் தரையை ஒட்டிய புள்ளிகளாகக் கூட்டத்தைக் காணலாம். அக்கருவி இல்லாதவர் படகைக் காற்றில் மிதக்கவிட்டு, முதல் மீன் அகப்பட்டதும் நங்கூரமிடுவது பழைய முறை. ஈரி ஏரியின் நடுப்பகுதியில் கோடையின் பிற்பகுதியில் அடிநீரில் உயிர்வளி அற்றுப்போவதுண்டு. அப்போது பெர்ச் அந்நீரை விட்டு விலகி அதன் விளிம்பிலோ அதற்கு மேலோ நிற்கின்றது. "அடியில் போடு" என்னும் பொது விதி தோற்கும் இடம் இது.

இலையுதிர் காலத்தில் நீர் குளிரக் குளிர, கூட்டங்கள் மீண்டும் கரையை நோக்கி வருகின்றன. பேரேரிகளின் துறைமுகச் சுவர்களில் வரிசையாக அமர்ந்து பிடிப்போரைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காணலாம்.

பனிக்கட்டி மீன்பிடிப்பு

குளிர்காலத்திலும் பெர்ச் உண்பதை நிறுத்துவதில்லை. அதனால் உறைந்த ஏரியின்மீது துளையிட்டுப் பிடிக்கும் முறையில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரி, விஸ்கொன்சினின் மென்டோட்டா ஏரி, மிச்சிகனின் சாகினோ விரிகுடா, வட டகோட்டாவின் டெவில்ஸ் ஏரி ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. ஐடகோ மாநிலத்தின் காஸ்கேட் ஏரியில் ஒரு கிலோகிராமைத் தாண்டும் பெர்ச் பனித்துளை வழியாகப் பிடிக்கப்பட்டுள்ளது.

கோல் இங்கு 45 முதல் 75 செமீ வரையே நீளமுடையது. நுனியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று பொருத்தப்படும். குளிரில் மீனின் கடி மூச்சுவிடுவது போல் மென்மையாகிவிடுவதால், கையால் உணர முடியாததைச் சுருளின் அசைவு காட்டுகின்றது. சுருள் கீழே வளைந்தால் மட்டுமன்றி, திடீரென மேலே நிமிர்ந்தாலும் மீன் இரையை வாயில் எடுத்துக்கொண்டு உயர்கின்றது என்று பொருள். புதியவர்கள் தவறவிடும் கடி பெரும்பாலும் இரண்டாவது வகையே.

தேர்ந்தவர் ஒரே துளையில் அமர்ந்திருப்பதில்லை. ஆழமற்ற இடத்திலிருந்து ஆழம் நோக்கி ஒரு வரிசையாகப் பல துளைகளை இட்டு, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் மட்டுமே முயல்கின்றனர். உலோக இரையை இரண்டு மூன்று முறை அடித்தளத்தில் தட்டிச் சேற்றைக் கிளப்புவது பெர்ச்சை ஈர்க்கும் நல்ல வழி. சேற்றிலிருந்து பூச்சிகள் கிளம்புவதாக எண்ணி மீன் நெருங்குகின்றது. பின்னர் இரையைச் சற்றே உயர்த்தி, நடுங்கச் செய்து, நிறுத்துதல் வேண்டும். கூட்டம் வந்துவிட்டால் வேகம் முக்கியம். பிடித்த மீனைக் கழற்றி இரையை உடனே இறக்காவிடில் கூட்டம் நகர்ந்துவிடும். இரண்டு கோல்களைத் தயாராக வைத்திருப்போர் இதற்காகவே அவ்வாறு செய்கின்றனர்.

பனிக்கட்டியின் தடிப்பை அறியாமல் அதன்மீது நடத்தல் ஆகாது. தெளிந்த நீலநிறப் பனிக்கட்டி குறைந்தது 10 செமீ தடிப்பாக இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கு. கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 செமீ எனக் கூறுகின்றது. பனி கலந்து வெண்மையாக உறைந்த கட்டி ஏறத்தாழப் பாதி வலிமையே கொண்டது. பெரிய ஏரிகளில் தடிப்பு மட்டும் காப்பாகாது. 2009 பெப்ரவரியில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் காற்றினால் ஒரு பெரும் பனித்தட்டு கரையிலிருந்து பிளந்து மிதந்து சென்றது. அதன்மீது நின்ற நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிப்போர் உலங்குவானூர்திகளாலும் படகுகளாலும் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று வலுக்கும்போது வெளியேறிவிடுவதே அறிவுடைமை.

ஆழத்திலிருந்து பிடித்தலும் விடுவித்தலும்

சிறிய மீனை நீரில் விட்டுவிடுவது நற்செயல் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. மஞ்சள் பெர்ச்சைப் பொறுத்தவரை, ஆழமான நீரில் இது பொருந்துவதில்லை. நன்னீர் மீன்கள் பலவற்றில் காற்றுப்பையைத் தொண்டையோடு இணைக்கும் ஒரு குழாய் உண்டு. அவை மேலே வரும்போது காற்றை வெளியேற்றிவிடும். வளர்ந்த பெர்ச்சில் அக்குழாய் இல்லை. அதன் காற்றுப்பையிலுள்ள வளிமம் குருதியின் வழியாக மெதுவாகவே கூடவோ குறையவோ முடியும்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்கு ஆகும். அவ்வாழத்திலிருந்து சில நொடிகளில் மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை இருமடங்காக விரிய முற்படுகின்றது. உள்ளுறுப்புகள் நசுங்கி, இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளப்பட்டு, கண்கள் பிதுங்குகின்றன. வாயில் தெரியும் அந்தத் தசைப்பை காற்றுப்பை எனப் பலர் தவறாக எண்ணி ஊசியால் குத்துவதுண்டு. அது இரைப்பையே. உடலின் பக்கவாட்டில் ஊசியேற்றிக் காற்றை வெளியேற்றும் முறையையும் பயிற்சியற்றவர் செய்வதை மீன்வளத் துறைகள் பல ஊக்குவிப்பதில்லை. இவ்வாறு பாதிப்புற்ற மீன் விடப்பட்டால் நீரின்மேல் மல்லாந்து மிதந்து, கடற்காகங்களுக்கு இரையாகும். நீந்திச் சென்றதாகத் தோன்றுவதும் பின்னர் இறக்கலாம்.

எனவே ஆழமான நீரில் பெரிய மீன் வேண்டிச் சிறியவற்றை விட்டுக்கொண்டே பிடிப்பது, கணக்கில் வராத சாவுகளை உண்டாக்குகின்றது. ஏறத்தாழ 9 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் பிடிப்பவர் அகப்பட்டதை அளவு பாராமல் எடுத்துக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை நிறைந்ததும் நிறுத்திவிடுவது அல்லது வேறு மீனை நாடுவது பொருத்தமானது. சிறியவற்றை விடும் நோக்கம் உடையவர் ஆழமற்ற நீரில் பிடித்தல் வேண்டும். விடுவிக்கும் மீனை ஈரக் கையால் பிடிப்பதும், விழுங்கிய முள்ளைப் பிடுங்காமல் நூலை வெட்டிவிடுவதும் நலம். குளிர்காலத்தில் மீனைப் பனியின்மீது போட்டுவைத்துப் பின்னர் விடுவதால் பயனில்லை. கண்ணும் செவுளும் விரைவில் உறைந்துவிடும்.

மிச்சிகன் ஏரியில் நேர்ந்த வீழ்ச்சி

1980களில் மிச்சிகன் ஏரியின் தென்பகுதியில் பெர்ச் மிகுதியாக இருந்தது. 1980களின் இறுதியிலிருந்து புதிய குஞ்சுகள் போதிய அளவு பிழைக்கவில்லை. அதே வேளையில் வலைகளும் தூண்டில்களும் பெரிய மீன்களைத் தொடர்ந்து எடுத்தன. 1990களின் நடுப்பகுதியில் எஞ்சியிருந்த வளர்ந்த மீன்களில் ஆண்களே மிகப் பெரும்பான்மையாக இருந்தமை ஆய்வுகளில் தெரியவந்தது. விரைவில் வளரும் பெண் மீன்கள் முதலில் அகற்றப்பட்டதன் விளைவு இது. அப்பத்தாண்டின் பிற்பகுதிக்குள் விஸ்கொன்சின் (கிரீன் விரிகுடா நீங்கலாக), இலினொய், இந்தியானா ஆகிய மாநிலங்கள் அவ்வேரியில் பெர்ச்சின் வணிகப் பிடிப்பை நிறுத்தின. தூண்டில்காரருக்கான நாளாந்த எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. விஸ்கொன்சின் நீர்ப்பரப்பில் அது 5 ஆகும்.

வலைகள் நின்ற பின்னும் மீன்வளம் முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. குஞ்சுகளை உண்ணும் ஏல்வைஃப் என்னும் வந்தேறி மீனும், நுண்ணுயிர்களை வடித்தெடுத்து நீரில் உணவில்லாமற் செய்யும் வரிக்குதிரைச் சிப்பி, குவாகா சிப்பி ஆகியவையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. மிச்சிகன் மாநிலம் 2019 இல் தன் பெரும்பாலான நீர்நிலைகளில் நாளாந்த எண்ணிக்கையை 50 இலிருந்து 25 ஆகக் குறைத்தது. ஈரி ஏரியில் நிலைமை வேறு. அங்கு வணிகப் பிடிப்பு, சிறப்பாக ஒன்ராறியோக் கரையில், இன்றும் நடைபெறுகின்றது. பேரேரிகள் மீன்வள ஆணையத்தின் ஈரி ஏரிக் குழு ஆண்டுதோறும் பிடிக்கத்தக்க மொத்த அளவை நிர்ணயிக்கின்றது. அவ்வளவில் வலைக்கு எவ்வளவு, தூண்டிலுக்கு எவ்வளவு என்பது ஆண்டுதோறும் எழும் பூசல்.

உணவாக

மஞ்சள் பெர்ச்சின் இறைச்சி வெண்மையானது, கொழுப்புக் குறைந்தது, மீன் நாற்றம் அற்றது. விஸ்கொன்சினில் வெள்ளிக்கிழமை மாலைகளில் உணவகங்களில் நடைபெறும் பொரித்த மீன் விருந்தில் இதற்கே பழைய பெருமை. முதுகுத் துடுப்பின் முட்களும் செவுள்மூடியின் கூரிய முனையும் கையைக் கிழிக்கும் என்பதால், தலையிலிருந்து வால்நோக்கித் தடவித் துடுப்பை மடக்கிப் பிடித்தல் வேண்டும். செதில்கள் இறுகப் பதிந்தவை. பெரும்பாலோர் செதில் நீக்காமல், இருபக்கச் சதையையும் எலும்பிலிருந்து அறுத்தெடுத்துத் தோலை உரித்துவிடுகின்றனர். பின்னர் மாவிலோ ரொட்டித்தூளிலோ தோய்த்துப் பொரிப்பது வழக்கம். சதைத் துண்டு மெல்லியதாகையால் ஓரிரு நிமிடங்களில் வெந்துவிடும்.

சதையில் சில வேளைகளில் அரிசி அளவிலான மஞ்சள் நிற ஒட்டுண்ணிகள் காணப்படுகின்றன. இவை நத்தை, மீன், நாரை என வாழ்க்கைச் சுற்றில் மாறிவரும் தட்டைப்புழுவின் இளநிலை ஆகும். நன்றாக வேகவைத்தால் தீங்கில்லை. அருவருப்பாகத் தோன்றின் கத்தி நுனியால் எடுத்துவிடலாம். பாதரசம் முதலிய மாசுகள் பெரிய இரைகொல்லி மீன்களைவிடப் பெர்ச்சில் பொதுவாகக் குறைவு. ஆயினும் அளவு ஏரிக்கு ஏரி மாறுபடுவதால், கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் எத்தனை முறை உண்ணலாம் என்பதை அந்தந்த மாநிலமும் மாகாணமும் வெளியிடும் உண்ணல் வழிகாட்டியில் ஏரியின் பெயரைக்கொண்டு பார்க்கலாம்.